ஒத்தையடி சொன்ன பரவாயில்லை

என் அக்கா புருஷனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ஒத்தையடி. பாதையின் பெயர் இல்லை, ஆளின் பெயர். பழைய கட்டடங்களை இடிக்கிற கூட்டத்தில் அவர் ஒருவர். மற்றவர்கள் ஒரு சுவரை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருப்பார்கள். இவர் சுவரைச் சுற்றி ஒரு நடை நடப்பார், உள்ளங்கையால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார், ஓர் இடத்தில் எச்சில் தொட்டு அடையாளம் வைப்பார். பிறகு சம்மட்டியைத் தூக்கி ஒரே அடி. சுவர் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். இவர் முதுகைக் காட்டித் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகுதான் விழும். அந்தத் திமிரைப் பார்த்துத்தான் அக்கா மயங்கினாள். எனக்கு அன்றைக்கே எரிச்சல்தான் வந்தது.

நான் அவருக்குக் கொழுந்தியாள். கல்யாணம் கட்டாமல் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டவள். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு சட்டைக் காலர் தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். "உன்னக் கட்டிக்கிறவனுக்குக் காது கேக்காம இருக்கணும்" என்பார் மாமா. "உங்களக் கட்டிக்கிட்டவளுக்குத்தான் கண்ணு தெரியல" என்பேன் நான். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. பேசுவதற்கும் சேர்த்து நான்தான் இருக்கிறேனே என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

அந்த இடிப்புக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் "வலிக்குது" என்று சொல்லக் கூடாது. சொன்னால் மேஸ்திரி அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வலியை நினைத்துக்கொண்டிருப்பவன் தலைக்கு மேலே பார்க்கமாட்டான், அவனும் சாவான், பக்கத்தில் நிற்பவனும் சாவான் என்பது அவர் கணக்கு. அதனால் காலில் கல் விழுந்தாலும் கையில் ஆணி ஏறினாலும், "எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். பரவாயில்லை. ஒருவனுக்கு விரல் நுனி துண்டாகிப்போய், அதை இடிபாட்டுக்குள் தேடிக்கொண்டே பரவாயில்லை என்றானாம். மாமா இதை வீட்டில் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு பழைய அரிசி ஆலையை இடித்தபோது அவருடைய சுவர் அவரை ஏமாற்றியது. வழக்கம்போல் ஒரே அடி, வழக்கம்போல் முதுகைக் காட்டி நடை. சுவர் விழ வேண்டிய பக்கம்தான் விழுந்தது. ஆனால் அது தாங்கிக்கொண்டிருந்த சிமெண்டு உத்தரம் ஒன்று உள்ளே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அது இந்தப் பக்கம் சரிந்து அவர் இடுப்பில் இறங்கியது. கடப்பாரை போட்டு நெம்பி வெளியே இழுத்தார்கள். மேஸ்திரி குனிந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பரவாயில்லை மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு ரத்தமாக வாந்தி எடுத்து மயங்கினார்.

முதுகெலும்பில் தகடு வைத்தார்கள், திருகாணி போட்டார்கள். எலும்பு கூடியது. வலி போகவில்லை. அது எப்படிப்பட்ட வலி என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

"உள்ள எவனோ இடிச்சுக்கிட்டே இருக்கான்டி. வேல தெரியாத பய. ஒத்த அடில முடிக்கத் தெரியல அவனுக்கு."

பெரிய டாக்டர் ஒருவர் அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதைப் போட்டால் வலி போய்விடாது, பக்கத்து அறைக்குப் போய்விடும் என்பார் மாமா. அதுவே போதுமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தார். கொல்லைப்புறத்தில் ஒரு தண்டவாளத் துண்டைப் போட்டு, இடிபாட்டிலிருந்து வருகிற வளைந்த கம்பிகளை அதன்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிற வேலை பார்த்தார். இரும்பின்மேல் இரும்பு படும் அந்தச் சத்தம்தான் வருஷக்கணக்காக எங்கள் வீட்டின் கடிகாரம். நான் மிஷினை மிதிப்பேன், அவர் கம்பி அடிப்பார், நடுநடுவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கிண்டல் செய்வார். ஒரு நாளும் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டதில்லை. டப்பா அக்காவிடம்தான் இருந்தது. அவர் கேட்டதும் இல்லை.

பிறகு சட்டம் வந்தது. அது சும்மா ஒன்றும் வரவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பின்தெருவிலேயே பெயிண்டர் மகன் அதே மாத்திரையைப் பொடி செய்து உறிஞ்சி, குளியலறையில் நீலம்பாரித்துக் கிடந்தான். அவன் அம்மா கதவை உடைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்படி எத்தனையோ வீடு. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் சட்டம் என்றார்கள். காப்பாற்றட்டும். ஆனால் பாம்பை அடிக்கிறேன் என்று வீட்டில் படுத்திருப்பவன் காலையும் சேர்த்து அடித்தால் எப்படி? மாத்திரை எழுதுகிற டாக்டர்களை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு டாக்டரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்கள் டாக்டர் நல்லவர். நல்லவர் என்பதால்தான் அவருக்குப் பயமும் அதிகம்.

அந்தச் சட்டப்படி ஒவ்வொரு முறை போகும்போதும் நோயாளியின் வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டுப் பதிய வேண்டும். தேறிவருகிறவர்களுக்கு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும். டாக்டர் கேட்டார். "எப்படி இருக்கு?" எங்கள் வீட்டு மகராசன் என்ன சொல்லியிருப்பார்? பரவாயில்லை.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்களாம். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம்வரை வரிசையாகப் பொம்மைகள். எது உங்கள் வலி, தொட்டுக் காட்டுங்கள் என்றார்களாம். இவர் நடுவில் இருந்த பொம்மையைத் தொட்டிருக்கிறார். பிறகு நான் பிடித்து உலுக்கியபோது சொன்ன காரணம் இது.

"நர்ஸம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. அழுவுற மூஞ்சியப் போயித் தொடச் சொல்றியா? வெக்கமா இல்ல?"

மாத்திரை பாதியானது. அடுத்த முறை போனார். அதே கேள்வி, அதே பதில். பாதியிலும் பாதியானது. அக்கா கும்பிட்டுக் கேட்டாள், வலிக்கிறது என்று சொல்லித் தொலையுங்கள் என்று. "வலிக்குதுன்னு சொன்னா மாத்திரைக்கு அலையுற கேஸுன்னு நெனச்சுருவாரு" என்றார். அதுவும் பொய்யில்லை. கேட்டு வாங்குகிறவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். கேட்காதவர்களுக்கோ தேவையில்லை என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு நாள் மாத்திரை முழுசாக நின்றது.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அவரே நல்லா இருக்கேன்னுதானம்மா சொல்லிட்டு வர்றாரு. நான் என்னத்தச் செய்ய?"

"அவர் உசுரு போனாலும் பரவாயில்லைன்னுதான் டாக்டர் சொல்வாரு. அது அவங்க வேலையிடத்துப் பேச்சு. நீங்க அதப் போயி நம்பலாமா?"

"இப்ப நான் மறுபடி எழுதுனா, தேறுன ஆளுக்கு ஏன் எழுதுனேன்னு என்னக் கேப்பாங்க. புதுக் காயம், புது எலும்பு முறிவுன்னா சட்டத்துல எடம் இருக்கு. ஊசியே போடலாம். பழைய வலிக்கு இல்லம்மா."

மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பேச்சை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. நான் டாக்டரின் மேஜையை எட்டி உதைப்பதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தேன்.

வேறு டாக்டர்களிடம் போனோம். ஒருவரை விட்டு இன்னொருவரிடம் வந்தாலே மாத்திரைப் பைத்தியம் என்று முடிவுகட்டி வாசலிலேயே திருப்பினார்கள். மருந்துக்கடைக்காரர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். மாமாவைக் கண்டால் ஸ்டூலை எடுத்துப் போடுவார். அவர் இப்போது ஷட்டரைப் பாதி இறக்கினார். மாமா ஷட்டருக்குக் கீழே கையை விட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். கடைக்காரர் நெற்றி ஷட்டர் தகட்டில் மோதி, ரத்தம் மூக்கில் வழிந்தது. "ஒரு மாத்திரய்யா, ஒரே ஒரு மாத்திரய்யா" என்று மாமா கத்த, கடைப் பையன்கள் வெளியே வந்து அவரை ரோட்டில் தள்ளி மிதித்தார்கள். முதுகிலேயே மிதித்தார்கள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தேன். ஒருவனுக்காவது பல் ஆடியிருக்கும். அந்தத் திருப்தியாவது எனக்கு மிஞ்சியது.

மாத்திரையை நிறுத்தினால் பழைய வலி மட்டும் வராது, வட்டியும் முதலுமாக வரும். வியர்த்துக் கொட்டியது, குளிரில் பல் கிட்டியது, வயிறு பிய்த்துக்கொண்டு போனது. அந்த மனுஷன் சுவரில் தலையை முட்டினார். சுவரைத் தட்டிப் பார்த்து அடிக்கிற ஆள், தன் தலையை எந்த இடம் என்றும் பார்க்காமல் முட்டினார். சுண்ணாம்பு உதிர்ந்து அவர் புருவத்து ரத்தத்தில் ஒட்டியது. கதவை உடைத்தார். என் மிஷினின் விளக்கை உடைத்தார். காலர் துணிக்கட்டைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார். ஒரு நாள் அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வந்தபோது, தொட்ட இடத்தில் உயிர் போய், பாத்திரத்தை அப்படியே வீசினார். அது அக்கா நெற்றியைப் பிளந்துகொண்டு போனது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குள் ரத்தம் வழிகிறது, துடைக்கக் கூட இல்லை. எனக்கு வெறி பிடித்தது. துடைப்பத்தை எடுத்து மாமாவை அடித்தேன். தோளில் அடித்தேன், கையில் அடித்தேன், பிடி முறிகிறவரை அடித்தேன். அவர் தடுக்கவே இல்லை. அடி நின்றதும் கேட்டார்.

"அவ்வளவுதானா? இன்னும் அடி. நீ அடிக்கிற எடத்துல எரியுறப்ப முதுகுல கொஞ்சம் கொறையுது."

நான் முறிந்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அழுதேன். அவரும் அழுதார். அக்கா மட்டும் எழுந்துபோய் நெற்றியில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய இரண்டு கைகளையும் என் பழைய சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். பாதி கட்டும்போது, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள். "பரவாயில்லை" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவரைக் கழுத்தை நெரித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நாளில் நடுக்கம் அடங்கியது. வலி அடங்கவில்லை. ஆனால் அவர் அமைதியாகிவிட்டார். எங்களுக்கு அது நல்லதாகப் பட்டது. கட்டை அவிழ்த்துவிட்டோம். மறுபடி கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தார். நாலைந்து கம்பி அடிப்பதும், பிறகு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதுமாக இருந்தார். அக்கா வேலைக்குப் போனாள். நான் மிஷினில் உட்கார்ந்தேன். மத்தியானம். கம்பிச் சத்தம் கணீர் கணீரென்று வந்துகொண்டிருந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அடி விழுந்தது.

இரும்பின்மேல் இரும்பு பட்டால் மணி அடித்த மாதிரி கேட்கும். இது அப்படிக் கேட்கவில்லை.

நான் ஓடியபோது அவர் இடது கை தண்டவாளத்தின்மேல் இருந்தது. வலது கையில் சுத்தியல். மணிக்கட்டுக்குக் கீழே புறங்கை உள்ளே போயிருந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அடிக்கு முன்னால் எச்சில் தொட்டு வைத்த அடையாளம் விரல் முட்டிகளுக்குப் பின்னால் இன்னும் ஈரமாக இருந்ததா, இல்லை அது ரத்தமா, எனக்குத் தெரியவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"புதுக் காயம். கூப்புடு வண்டிய."

அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் தரை துடைக்கிற துணியோடு நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றாள். வண்டியில் வழி முழுக்க நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். கையில் என் துணி சுற்றியிருந்தது. அது நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, ஒரே ஒரு வார்த்த. வலிக்குது. சொல்லுங்க பாப்போம்."

"ம்."

"ம் இல்ல. வலிக்குது."

"சொல்றேன்டி. அங்க போயிச் சொல்றேன்."

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தாள். தூக்கமில்லாத கண். துணியைப் பிரித்துப் பார்த்ததும் நர்ஸிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். "எப்படி ஆச்சு?" என்றாள். கம்பி நிமிர்த்தும்போது தவறிப் பட்டுவிட்டது என்று மாமா சொன்னார். அதுவரைக்கும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா மெல்ல அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

மாமா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"பரவாயில்லீங்க" என்றார்.

கையை உடைத்துக்கொண்டு வந்த ஆளுக்கு, எதற்காக உடைத்தாரோ அதைச் சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷம் அந்தக் கூட்டம் ஊட்டி வளர்த்த நாக்கு. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். "அதிர்ச்சில மரத்துப்போயிருக்கும். அப்ப இப்போதைக்குச் சாதா ஊசியே போதும்" என்று நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

அப்போது அக்கா நகர்ந்தாள். நெற்றியில் தையல் போட்ட காயம் இன்னும் ஆறாத என் அக்கா, வாயில்லாத என் அக்கா, டாக்டரம்மாவைத் தோளால் விலக்கிவிட்டு, அந்த உடைந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து நெரித்தாள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி நெரித்தாள். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வலிக்குது!" மாமா கட்டிலிலிருந்து எழும்பிவிட்டார். "ஐயோ வலிக்குதுடி! விடுடி, வலிக்குதுடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அக்கா விடவில்லை.

"எங்க வலிக்குது? எங்கன்னு சொல்லுங்க."

"முதுகுடி! முதுகுதான்டி வலிக்குது! உத்தரம் விழுந்ததுலேர்ந்து வலிக்குதுடி! சாவடிச்சுருங்கடி என்ன!"

அக்கா கையை விட்டாள். அவள் விரலெல்லாம் ரத்தம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். டாக்டரம்மா அவருடைய சட்டையை மெல்ல மேலே தூக்கி முதுகிலிருந்த நீளத் தழும்பைப் பார்த்தாள். பிறகு அந்தச் சுத்தியல் அடி எவ்வளவு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. போலீஸைக் கூப்பிடுவாளோ என்று நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நான் கைக்குன்னுதான் எழுத முடியும்" என்றாள், எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு நர்ஸிடம் பெரிய ஊசியின் பெயரைச் சொன்னாள்.

ஊசி ஏறிக் கொஞ்ச நேரத்தில் மாமாவின் உடம்பு ஒவ்வொரு இடமாக விட்டுக்கொடுத்தது. முதலில் தாடை, பிறகு தோள், கடைசியில் இடுப்பு. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் மல்லாந்து நேராகப் படுத்ததைப் பார்த்தேன். "பக்கத்து ரூமுக்குப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார். அக்கா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, யாரோ சிந்திவிட்டுப் போயிருந்த ரத்தத்தைத் தன் வேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை.

கைக்கு என்று கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சட்டம் புதுக் காயத்துக்கு எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு. அந்தக் கொஞ்ச நாள் எங்கள் வீடு பழையபடி ஆனது. மாமா உட்கார்ந்து சாப்பிட்டார், அக்காவின் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்து அழுதார், என் காலர் எல்லாம் கோணல் என்று வம்பிழுத்தார். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சிபாரிசோடு பெரிய ஆஸ்பத்திரியின் வலிப் பிரிவில் பெயர் பதிந்திருக்கிறோம். கூப்பிடுவார்கள் என்கிறார்கள். எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை இருக்கிறதாம்.

கை நன்றாக ஆறிவருகிறது. காயம் ஆறுவதைப் பார்த்துப் பயப்படுகிற வீடு இது ஒன்றாகத்தான் இருக்கும். மாத்திரை முந்தாநாளோடு தீர்ந்தது. நேற்றுக் காலையில் மாமா சாதாரணமாகக் கேட்டார், அந்தச் சின்னச் சுத்தியல் எங்கே, கம்பி நிறையக் கிடக்கிறதே என்று. எனக்குத் தெரியாது என்றேன். அது என் மிஷினுக்கு அடியில் காலர் துணிக்கட்டுக்குள் இருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் என் காலில் படுகிறது.

இன்று மத்தியானம் தையலுக்கு நடுவே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா தண்டவாளத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கையால் தன் முழங்காலை அங்கங்கே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எப்படி இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை" என்றார்.

நான் மிஷினை நிறுத்திவிட்டு, உடனே வா என்று அக்காவுக்குப் போன் செய்தேன்.